ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துச் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் என்பதால், தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

விலை விஷயத்தில் நிலையத்தில் இருப்பவர் செய்வதற்கு அதிகம் இல்லை. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் டெண்டர் விட்டு, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கிவிடுகிறது. மாவட்டக் கிடங்குக்கு வரும் மருந்து ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகுதான் நமக்கு வரும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

பணம் வீணாவதும் மிஞ்சுவதும் நாம் கிடங்குக்கு எழுதும் இண்டெண்டில், அதாவது மருந்து கேட்கும் பட்டியலில்தான். நிலையத்தின் மருந்துக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் ஒதுக்கிய தொகைக்குள்தான் கிடங்கிலிருந்து எடுக்க முடியும். தேவையில்லாத சிரப்பை அள்ளி வந்தால், அந்த அளவுக்குச் சர்க்கரை மாத்திரைக்கான தொகை குறையும். போன வருஷ இண்டெண்டைப் பார்த்து அப்படியே எழுதுவது பல இடங்களில் பழக்கம். அது கூடவே கூடாது. 2021 ஆகஸ்டில், சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு மெட்ஃபார்மின் (சர்க்கரைக்கு), அம்லோடிபின் (ரத்த அழுத்தத்துக்கு) கணக்கே வேறு. பதிவேட்டில் 200 பேர், ஆளுக்கு தினம் இரண்டு மாத்திரை என்றால் மாதம் 12,000. இப்படி ஆளை எண்ணித்தான் எழுத வேண்டும்.

மற்ற மருந்துகளுக்கு மாதச் சராசரி போதும். ஆனால் ஒரு மருந்து பத்து நாள் கையில் இல்லாத மாதம் என்றால், செலவானதை 30-ஆல் வகுக்காதீர்கள். இருந்த 20 நாளால் வகுத்து மாதத்துக்குக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் இந்த மாதப் பற்றாக்குறை அடுத்த மாதமும் தொடரும். நோயாளியை வெளியே வாங்கச் சொன்னால் நம் கணக்கில் செலவு குறைந்ததாகத் தெரியும். அன்றைய கூலியை மெடிக்கலில் கொடுப்பது அவர்தானே!

அப்புறம் எக்ஸ்பைரி. முதலில் காலாவதியாவது அலமாரியில் முன்னால் இருக்க வேண்டும், பெட்டி எப்போது வந்தது என்பது முக்கியமில்லை. மிஞ்சும் என்று தெரிந்தால் நான்கைந்து மாதம் முன்பே மருத்துவ அலுவலரிடம் சொல்லி, முறைப்படி பக்கத்து நிலையத்துக்கு மாற்றிவிடுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

பாம்புக்கடி மருந்துக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒரு குப்பிகூடப் பயன்படாமல் தேதி முடிந்தாலும் அது வீண் செலவு இல்லை. அடுத்த இண்டெண்டிலும் அதைக் குறைக்காமல் எழுதுங்கள்.