நோட்டீஸில் அந்த வரி இருந்ததா?

கேள்வி: பல ஆண்டுகளாக அரசுக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு வேலை தாமதமானது. இடத்தைத் தாமதமாக ஒப்படைத்ததே துறைதான். புதிதாக வந்த செயற்பொறியாளருக்கு என்மேல் கோபம். 'ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று நோட்டீஸ் வந்தது, பதில் கொடுத்தேன். இப்போது 3 ஆண்டுகளுக்குக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பில் பணமும் நிற்கிறது. வேறு துறையில் டெண்டர் போடலாமா?

பதில்: செயற்பொறியாளரின் கோபத்தை விடுங்கள். அதை வாதமாக்க அவரைப் பெயர் சொல்லி வழக்கில் சேர்க்க வேண்டும், ஆதாரமும் வேண்டும். பில் பாக்கி தனி வழக்கு. தாமதம் யாரால் என்பதையும் ரிட் மனுவில், அதாவது அரசு உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவில், நீதிமன்றம் பொதுவாக அலசி ஆராயாது.

நோட்டீஸை எடுத்துப் படியுங்கள். கறுப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசித்திருப்பதாக அதில் இருக்கிறதா? வெறும் 'நடவடிக்கை' என்றால் உத்தரவு நிற்பது கடினம். அந்த உத்தேசம் நோட்டீஸிலேயே ஐயமின்றித் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் சொன்னது, 2020-இல் யுஎம்சி டெக்னாலஜிஸ் வழக்கில் மறுபடியும் சொன்னது. டெண்டர் நிபந்தனையில் அப்படி ஒரு பிரிவு இருந்தது என்பது மட்டும் துறையைக் காப்பாற்றாது.

உடனே ரிட் போட்டு இடைக்காலத் தடை கேளுங்கள். ஆனால் மனு போட்டதே தடை ஆகாது. என்னிடம் வந்தவர்கள் கெட்டது இங்கேதான். வழக்கு நடக்கிறதே என்ற தைரியத்தில் அடுத்த டெண்டரில் 'எந்தத் துறையும் எங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை' என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போட்டியாளர் உத்தரவின் நகலோடு புகார் கொடுப்பார். டெண்டரோடு கட்டிய முன்வைப்புத் தொகை போகும், பொய் உறுதிமொழிக்காக இரண்டாவது முறையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். முதல் உத்தரவை உடைக்க நோட்டீஸ் குறையாவது இருந்தது. இதற்கு அதுவும் இருக்காது. இடைக்காலத் தடை கிடைத்த பிறகும் மறைக்காதீர்கள். உத்தரவு தேதி, வழக்கு எண், தடை உத்தரவு நகல் மூன்றையும் இணையுங்கள். உறுதிமொழி 'இன்றைய தேதியில்' என்கிறதா, 'கடந்த ஆண்டுகளில்' என்கிறதா என்று வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். இரண்டாவது என்றால் கறுப்புப் பட்டியல் காலம் முடிந்த பிறகும் சொல்லியாக வேண்டும். அப்புறம், மனைவி பெயரில் புது நிறுவனம் என்ற யோசனையே வேண்டாம். மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல்படி, டெண்டர் போடத் தடை என்பது சார்பு நிறுவனங்களுக்கும் நீளும்.

இன்னொன்று. நோட்டீஸ் குறையால் உத்தரவு ரத்தானாலும், புது நோட்டீஸ் கொடுக்கத் துறைக்கு அனுமதி தந்தே பெரும்பாலும் அனுப்புவார்கள். இரண்டாம் முறை துறை தப்பு செய்யாது. அதனால் இடைக்காலத் தடை கையில் இருக்கும்போதே துறையோடு பேசி முடியுங்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், தாமத அபராதத்தில் ஒரு பகுதியைக் கட்டி, மிச்ச வேலையை முடித்துத் தருவதாக எழுதிக் கொடுங்கள். உத்தரவை விலக்கிக்கொண்ட கடிதம் கைக்கு வராமல் ரிட்டை வாபஸ் வாங்காதீர்கள்.