அப்பாவுக்கு மார்ஃபின் மாத்திரை எங்கே கிடைக்கும்?

மருந்துக்கடைகளில் அலைவதை நிறுத்துங்கள். அப்பாவின் புற்றுநோய் வலிக்கு எழுதிக்கொடுத்த மார்ஃபின், அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின் மருந்தகத்தில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

கடைக்காரர்கள் கைவிரிப்பதற்குக் காரணம் 1985 போதைப்பொருள் சட்டம். 2014இல் அதைத் திருத்தினார்கள். முன்பு மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனைக்குப் பல உரிமங்கள் வேண்டியிருந்தது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் ஒன்றே போதும். அதைக்கூட நிறைய மருத்துவமனைகள் வாங்கி வைக்கவில்லை. வலியில் துடிப்பவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

நாளைக் காலை மருந்துச் சீட்டோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்குப் போய், மார்ஃபின் இருப்பு உண்டா என்று கேளுங்கள். சிகிச்சைக் கோப்பும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், மார்ஃபினால் மலச்சிக்கல் அநேகமாக வரும். மலமிளக்கியும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மார்ஃபின் அளவை நீங்களாகக் கூட்டவோ, மருந்தைச் சட்டென நிறுத்தவோ வேண்டாம். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.