ஆர்.டி.யை உடைத்து கிதார் வாங்கலாமா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். வார இறுதியில் ஓட்டல்களில் கிதார் வாசிப்பதில் மாதம் 3,000 வரும். கடலூரில் ஒருவர் 'வின்டேஜ் ஸ்டைல்' (பழைய கால பாணி) ஸ்குவியர் மஸ்டாங் கிதாரை 32,000க்குத் தருகிறார். என் விரல்கள் குட்டை, ஷார்ட் ஸ்கேல், அதாவது கம்பியின் நீளம் குறைந்த கிதார்தான் தோது. போகப் போக விலை ஏறும், முதலீடு மாதிரி என்கிறார். கையில் 15,000 இருக்கிறது. தபால் நிலைய ஆர்.டி.யில் மாதம் 2,000 வீதம் 22 மாதம் கட்டியிருக்கிறேன். அதை உடைக்கலாமா சார்?

பதில்: முதலில் அந்த 'முதலீடு' பேச்சை ஒதுக்கி வையுங்கள். கிதார் கம்பெனியான ஃபெண்டர் 1964ல் மஸ்டாங்கைக் கொண்டுவந்ததே கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்காகத்தான். அவர்களுடைய இன்னொரு கிதாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஸ்கேல் 25.5 அங்குலம், இதில் 24. கம்பியின் இறுக்கம் குறைவு, ஃபிரெட்டுகளும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) நெருக்கம். உங்கள் விரலுக்குச் சுகம்தான், மறுக்கவில்லை. நிர்வானா ராக் குழுவின் கர்ட் கோபேன் போன்றவர்கள் வாசித்ததில் அந்தப் பழைய கிதார்களுக்கு மவுசு கூடியது. ஆனால் மவுசு அந்தப் பழசுக்கு. உங்களுக்கு வருவது அதே சாயலில், ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவியரில் வந்தது. பாட்டியின் காசுமாலைக்கும் அதே டிசைன் கவரிங்குக்கும் உள்ள வித்தியாசம். நானும் ஒரு பழைய கேமராவை 'முதலீடு' என்று வாங்கியவன்தான். பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது.

சரி, வாசிப்பதற்காக வாங்குங்கள். ஆர்.டி.யை மட்டும் தொடாதீர்கள். தொடவும் முடியாது: 3 வருஷம் ஆகாமல் தபால் நிலையத்தில் மூட விடமாட்டார்கள். அதன்பின் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கிடைக்கும். ஆனால் 12 தவணை ஒழுங்காகக் கட்டியவர்கள் இருப்பில் பாதிவரை கடன் வாங்கலாம். வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல்; 6.7 என்றால் 8.7. கையிலிருந்து 10,000, கடனாக 17,000 போடுங்கள். 12 தவணையில் அடைத்தால் வட்டி 800 ரூபாய் சொச்சம்தான். வாசிக்கிற காசிலேயே அடைந்துவிடும். மீதி 5,000 அவசரத்துக்குக் கையில் இருக்கட்டும்.

கூட்டிப் பார்த்தால் 27,000தானே வருகிறது என்பீர்கள். அதைத்தான் பேரம் பேசப் போகிறீர்கள். கடலோர ஊர், உப்புக்காற்று சும்மா விடாது. கம்பிகளை உடலோடு தாங்கும் பிரிட்ஜின் திருகுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) சொருகி கிதாரின் வால்யூம் குமிழைத் திருப்புங்கள், கரகரவென்று கேட்டால் உள்ளே வேலை இருக்கிறது. முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பி அழுத்திப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றும் செலவு தனி. அதையெல்லாம் சொல்லியும் விலையை இறக்கவில்லையென்றால் கிளம்பி வந்துவிடுங்கள். அவரிடம் ஆம்ப் இருக்கும் என்று நம்பிப் போகாமல் உங்களுடையதையே தூக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.