ஒன்பது கோலுக்கு அப்புறம்

வணக்கம் ஐயா,

வேலூர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இந்த ஜூன் மாதம்தான் சேர்ந்தேன். படிக்கிற காலத்தில் மிட்ஃபீல்டில் ஆடியவன், அதனால் கால்பந்து டீமை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பையன்கள் பெரும்பாலும் பாலாற்றங்கரை ஊர்க்காரர்கள், மணலில் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம், ஆடி வளர்ந்தவர்கள், நல்ல வேகம். டிவியில் பெரிய கிளப்புகள் ஆடுகிற மாதிரி பேக் லைனை, அதாவது பின்னால் நின்று தடுக்கிறவர்களின் வரிசையை, மேலே ஏற்றி நெருக்கி ஆட வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆறு வாரம் காலையும் மாலையும் பயிற்சி கொடுத்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் மேட்ச்சே 0-9. ஹாஃப் டைமில் 0-2தான். இரண்டு கோலைத் திருப்பிவிடலாம் என்று ஒரு பேக்கை வெளியே எடுத்து ஃபார்வர்டு ஒருவனை இறக்கினேன். அப்புறம்தான் ஏழு. நாலு பேருக்குப் புது பூட்ஸ் கடித்துக் குதிகாலில் கொப்புளம் வேறு. கோல் காக்கிற கோலி அன்றிலிருந்து கிரவுண்டுக்கு வரவில்லை, போனும் எடுப்பதில்லை. இந்த வருடம் டீமை நிறுத்திவைக்கலாமே என்று நிர்வாகத்தில் பேச்சு. நான் கோச் வேலைக்கு லாயக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை 0-9 மட்டும்தான் மனதில் நின்றது. இரண்டாவது தடவை படித்தபோது 'ஹாஃப் டைமில் 0-2தான்' என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த வரியில் நின்றுவிட்டேன், அதற்கு மேல் படிக்கவில்லை. 45 நிமிடத்துக்கு இரண்டு, அடுத்த 45 நிமிடத்துக்கு ஏழு. ஒருவனைத் தவிர அதே பையன்கள், அதே எதிராளி, அதே வெயில். நடுவில் மாறியது நீங்கள் எடுத்த முடிவு ஒன்றுதான். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒன்பதில் ஏழுக்குக் காரணம் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி கிடைக்கிறது என்றால், அது உங்களுக்கு நல்ல செய்தி. காரணமே தெரியாமல் ஒன்பது வாங்கியிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

இந்நேரம் யாராவது உங்களிடம் 1954 உலகக் கோப்பைக் கதையைச் சொல்லியிருப்பார்கள். மேற்கு ஜெர்மனி முதல் சுற்றில் ஹங்கேரியிடம் 3-8 என்று தோற்றது, கோச் ஹெர்பெர்கரை வேலையை விட்டுப் போகச் சொல்லி ஊரெல்லாம் கடிதம் எழுதினார்கள், இரண்டே வாரத்தில் பெர்ன் நகரத்து மழையில், எட்டு நிமிடத்துக்குள் 0-2 என்று பின்தங்கியும், அதே ஹங்கேரியை 3-2 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கினார்கள். எனக்கும் ரொம்பப் பிடித்த கதைதான். ஆனால் உங்களுக்கு அது உதவாது. ஹெர்பெர்கர் அந்த 3-8 ஆட்டத்தில் தன் முக்கியமான ஆட்களில் பலரை வெளியே உட்கார வைத்திருந்தார், அடுத்து துருக்கியோடு இன்னொரு ஆட்டம் கிடைக்கும் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. உங்களிடம் இருந்த ஆட்கள் எல்லோரும் அன்றைக்கு மைதானத்தில்தான் இருந்தார்கள்.

உங்களுக்கு நெருக்கமான கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். அதற்கு முந்தைய வருடம்தான் டெல்லியில் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணி, முதல் ஆட்டத்திலேயே யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்று வெளியே வந்தது. கோச் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த ஆட்டத்தில் நம் ஆட்களில் சிலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் அப்போது ஆட்டம் மொத்தமே 70 நிமிடம், அங்கே 90. திறமை இல்லாத அணி கிடையாது அது. பழகின மைதானம் வேறு, இறக்கிவிடப்பட்ட மைதானம் வேறு, இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் அன்றைக்கு பத்து கோலாக வந்து விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். பூட்ஸ் கட்டாயமானது. ரஹீம் அந்தக் காலத்து ஹங்கேரி எப்படி ஆடுகிறது என்று பார்த்துத் தன் அணியின் அமைப்பையே மாற்றினார். ஹைதராபாத்தில் பையன்களுக்குப் பலவீனமான காலால் மட்டும் ஆடவேண்டும் என்று தனியாகப் போட்டி வைத்தார், பந்தை ஒரே தொடுதலில் அடுத்தவனுக்குத் தள்ளவேண்டும் என்று இன்னொன்று. நாலு வருடம் கழித்து 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து, ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய அணி ஆனார்கள். அரையிறுதியில் எதிரே நின்றது மறுபடியும் அதே யுகோஸ்லாவியா. இந்தத் தடவை முதல் கோல் நம்முடையது, நெவில் டிசோசா அடித்தது. கடைசியில் 1-4 என்று தோற்றோம்தான். 1-10க்கும் இந்த 1-4க்கும் நடுவில் ஒரு கோச் நாலு வருடம் செய்த வேலை இருக்கிறது, அதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியிலும் அப்படித்தான், முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2, இறுதியில் அதே கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம். அப்போது ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த வருடம் போய்விட்டார்.

சரி, உங்கள் பையன்களுக்கு வருகிறேன். ஆற்று மணலில் ஆடுகிற செவன்ஸை நீங்கள் எத்தனை நாள் நின்று பார்த்திருக்கிறீர்கள்? அங்கே ஆஃப்சைடு என்று, அதாவது பந்து தள்ளப்படும்போதே எதிராளி பேக்குகளைத் தாண்டி நிற்கிறான் என்று, யாரும் கொடி தூக்குவதில்லை. மணலில் பந்து ஓடாது, அதனால் முதுகுக்குப் பின்னால் போன பந்தைத் திரும்பி ஓடிப் பிடித்துவிடலாம். கோலியின் கைக்கெட்டும் தூரத்தில்தான் பேக் நிற்பான். இப்படிப் பத்து வருடம் ஆடின பையனைக் கொண்டுபோய், நூறு மீட்டர் நீளமுள்ள இறுகிய தரையில், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நாலு பேரும் ஒரே கோடாக நில்லுங்கள், எதிராளி ஆஃப்சைடில் மாட்டுவான் என்று சொன்னால், அவன் முதுகுக்குப் பின்னால் ஐம்பது மீட்டர் காலி இடம் கிடக்கிறது, அது அவன் வாழ்க்கையில் பார்த்தே இராத இடம். அந்த நாலு பேரில் ஒருவனை எடுத்தும்விட்டீர்கள். ஆறு வாரத்தில் அது வராது. பெரிய கிளப்புகளில் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து பழகுகிறவர்களே அதில் தடுமாறுகிறார்கள்.

ஆகவே லைனைக் கீழே இறக்குங்கள். பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் பத்து மீட்டரில் பேக்குகள் நிற்கட்டும், அவர்களுக்கு முன்னால் மிட்ஃபீல்டு நெருக்கமாக. மணலில் வந்த வேகத்தை விங்கில் பயன்படுத்திக்கொள்ளலாம், பந்து கிடைத்ததும் ஓடட்டும். பார்க்க அழகாக இருக்காதுதான். இந்த வருடத்துக்கு அது போதும். ஆஃப்சைடு கோட்டை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், பந்தே இல்லாமல், கயிறு பிடித்துக்கூடப் பழக்குங்கள்.

பூட்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வெளிநாட்டுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிறோம், நம் வீட்டுப் பையன் ஸ்டட் வைத்த பூட்ஸை முதன்முதலில் மாட்டுவது மேட்ச் அன்றைக்கா? யாரிடம் கேட்டாவது வாங்குங்கள், பழசாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று வாரம் போட்டு ஓடினபிறகுதான் அதோடு மேட்ச்.

அப்புறம் ஒரு மாலை பயிற்சியே வேண்டாம். எல்லோரையும் மர நிழலில் உட்கார வையுங்கள், ஒரு நோட்டு எடுங்கள், ஒன்பது கோலையும் ஒவ்வொன்றாகப் பையன்களே சொல்லட்டும். எத்தனையாவது நிமிடம், பந்து எங்கே பறிபோனது, அப்போது யார் எங்கே நின்றான். முதலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏழு கோலுக்கு வழிவிட்டது உங்கள் ஹாஃப் டைம் முடிவு என்பதை நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் பேசுவார்கள். எனக்குத் தெரிந்து ஒன்பதும் ஒன்பது விதமாக இருக்காது, இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடும். கோல் வாங்கினவுடன் அவசர அவசரமாகப் பந்தை நடுவில் வைத்து எல்லோரும் முன்னால் ஓடி, அடுத்த மூன்று நிமிடத்துக்குள் இன்னொன்று வாங்கியிருப்பீர்கள், அது நிச்சயம் ஒரு வகை. கோல் விழுந்தால் அடுத்த ஐந்து நிமிடம் யாரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, பந்தை வெளியே அடித்தாலும் சரி என்று ஒரு விதி வையுங்கள், அதைக் கத்திச் சொல்லும் பொறுப்பு கேப்டனுக்கு.

டீமை நிறுத்திவைக்கிற பேச்சுக்கு, இந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டியதில்லை.

கடைசியாக அந்தக் கோலி. இதை எழுதத்தான் இந்தப் பதிலையே ஆரம்பித்தேன். நானும் கோலிதான். 1980களில், இங்கே ஒரு கல்லூரி டீமில், ஒரே ஆட்டத்தில் ஏழு வாங்கினேன். மறுநாள் எங்கள் கோச் என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசவே இல்லை. அடுத்த மேட்ச்சுக்கு வேறொருவன் பெயர் போர்டில் இருந்தது, அவ்வளவுதான், அப்புறம் நான் கையுறை மாட்டவில்லை. ஏழில் எனக்கு இன்றைக்கும் மூன்றாவது கோல்தான் கண்ணில் நிற்கிறது, வலது பக்கத்திலிருந்து தாழ்வாக வந்த பந்து, கால் எடுக்காமல் நின்றேன். பல வருடம் கழித்து என் மகன் ஆடுகிற ஒரு மேட்ச்சைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஏழில் என்னுடைய தப்பு இரண்டுதான். மற்ற ஐந்தையும் எந்தக் கோலியாலும் பிடித்திருக்க முடியாது. இதை அன்றைக்கே, பத்தொன்பது வயதில், ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அவனுக்குப் போன் பண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். வீட்டுக்குப் போங்கள், அவன் அம்மா கொடுக்கிற டீயைக் குடியுங்கள், நோட்டைத் திறந்து ஒன்பதில் அவனுடையது எது, உங்களுடையது எது என்று அவனோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ அவனுடையதாக இருக்கும், அதை மறைக்க வேண்டாம், அவனுக்கே தெரியும்.

அடுத்த மேட்ச் எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். நேதாஜி மைதானம் என்றால் சத்துவாச்சாரியிலிருந்து எனக்குப் பக்கம்தான், கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்கிறேன்.

அன்புடன்.