தத்தெடுத்த பூனைக்குட்டிக்குக் குடற்புழு மருந்து ஒரு முறை கொடுத்தால் போதுமா?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன்பு விலங்குகள் காப்பகத்திலிருந்து நான்கு மாதப் பெண் பூனைக்குட்டி ஒன்றைத் தத்தெடுத்தோம். குடற்புழு நீக்க மருந்து ஒரு முறை கொடுக்கப்பட்டதாக அதன் அட்டையில் எழுதியிருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் வயிறு மட்டும் உப்பியிருக்க, முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. இரண்டு நாட்களாக அதன் வாலடியிலும் படுக்கைத் துணியிலும் அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகளைப் பார்க்கிறோம், சில நெளிகின்றன. மலப் பரிசோதனையில் புழு முட்டை இல்லை என்று முடிவு வந்தது. மகனுக்கு வாங்கிய அல்பெண்டசோல் மாத்திரை வீட்டில் இருக்கிறது, பாதி கொடுக்கலாமா? ஐந்து வயதாகும் அவன் குட்டியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். அவனுக்கும் தொற்றுமா?

பதில்: மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: கால் பங்குகூடக் கொடுக்காதீர்கள். அல்பெண்டசோல் பூனைகளின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைத்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பூனைக்குப் பாதுகாப்பான மருந்துகள் எளிதில் கிடைக்கும்போது இதை முயன்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் குட்டிக்கு இப்போது வேண்டியதும் இந்த மருந்து அல்ல.

நீங்கள் பார்த்த வெள்ளைத் துணுக்குகள் முழுப் புழுக்கள் அல்ல. நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் முட்டைகள் நிறைந்த ஒரு பை. புதிதாக வெளிவரும்போது நெளியும், காய்ந்தபின் மஞ்சள் நிறத்தில் சுருங்கிப் போகும். முட்டைகள் தனித்தனியாக மலத்தில் கலக்காமல் இந்தப் பைகளுக்குள்ளேயே வெளியேறுவதால், மலத்தைக் கரைசலில் கலக்கி மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையில் இவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஆகவே சோதனை முடிவைவிட உங்கள் கண்ணால் கண்டதற்கே நான் அதிக மதிப்பு தருவேன். ஒரு துணுக்கைச் சிறு குப்பியில் இட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்; பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் காப்பகத்தில் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். குட்டிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது பைரன்டெல். அது உருண்டைப் புழுக்களையும் கொக்கிப்புழுக்களையும் வெளியேற்றும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் என்ற வேறு மருந்து வேண்டும். அட்டையில் மருந்தின் பெயர் இல்லையென்றால் காப்பகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘குடற்புழு மருந்து கொடுக்கப்பட்டது’ என்ற வெறும் வாசகம் எந்த மருத்துவருக்கும் உதவாது.

உப்பிய வயிறும் தட்டுப்படும் முதுகெலும்பும் நாடாப்புழுவால் மட்டும் வந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வயதுக் குட்டியில் உருண்டைப் புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தாய்ப்பாலின் வழியாகவே இதன் இளம்புழுக்கள் குட்டிக்குள் போய்விடும் என்பதால், எவ்வளவு சுத்தமாக வளர்ந்த குட்டியிலும் இது இருக்கக்கூடும். முட்டைகளை விழுங்குவதாலும் தொற்றும். அவ்வாறு நுழைந்த இளம்புழுக்கள் குடற்சுவரைத் துளைத்து, கல்லீரல் வழியாக நுரையீரலை அடைந்து, இருமலில் தொண்டைக்கு வந்து விழுங்கப்பட்டு மீண்டும் குடலுக்குத் திரும்பிய பிறகே முழு வளர்ச்சி அடைகின்றன. பைரன்டெல் குடலுக்குள் இருக்கும் புழுக்களை மட்டுமே தாக்கும். மருந்து கொடுத்த நாளில் திசுக்களில் பயணம் செய்துகொண்டிருந்தவை தப்பித்துப் பிறகு குடலில் குடியேறும். மருந்தை இரண்டு அல்லது மூன்று வாரங்களில் மறுபடி கொடுக்கச் சொல்வது இதனால்தான். உங்கள் குட்டிக்கு அந்த இரண்டாம் முறை விடுபட்டுப் போயிருக்கிறது. முட்டை இடும் பருவத்தை எட்டாத புழுக்கள் குடலில் இருந்தாலும் மலச் சோதனை ஒன்றும் காட்டாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

எனவே மூவகைப் புழுக்களையும் நீக்கும் கூட்டு மருந்தையே மருத்துவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார். பைரன்டெலும் பிராசிகுவான்டெலும் சேர்ந்த மாத்திரைகள் உண்டு. மாத்திரையைக் கண்டாலே ஓடும் பூனைகளுக்குப் பிடரித் தோலில் விடும் சொட்டு மருந்துகளும் உண்டு. அளவு எடையைப் பொறுத்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்தால் ஓரளவு தெரியும். ஆயினும் இவ்வளவு சிறிய உடலுக்கு மருத்துவரின் எடைக்கருவியே நம்பத்தக்கது. மாத்திரையை வெறும் வாயில் விழுங்க வைத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளக்கூடும்; அதைத் தொடர்ந்து சிறிது ஈரமான உணவு கொடுப்பது நல்லது. பிராசிகுவான்டெல் கடுங்கசப்பு, கடித்துவிட்டால் வாயில் நுரை தள்ளும்; நஞ்சு ஏறிவிட்டதோ என்று பயந்து ஓடி வருபவர்கள் உண்டு, ஆனால் அது சிறிது நேரத்தில் நின்றுவிடும். மருந்துக்குப் பின் ஓரிரு நாட்களில் உருண்டைப் புழுக்கள் நூல்போல மலத்தில் வரலாம். நாடாப்புழு குடலிலேயே செரித்துப் போவதால் கண்ணில் படாது.

இனி, இந்தப் பிரச்சினையின் வேருக்கு வருவோம். அரிசி போன்ற கண்ணிகளை உதிர்க்கும் நாடாப்புழு பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியின் மூலமே பூனைக்குள் செல்கிறது. தரையில் உதிர்ந்த புழு முட்டைகளைத் தெள்ளின் இளம்புழு தின்கிறது. அது வளர்ந்து தெள்ளாகிப் பூனையின் மேல் ஏறுகிறது. பூனை தன் உடலை நக்கும்போது அதை விழுங்கிவிடுகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் புதிய கண்ணிகள் உதிரத் தொடங்கும். ஆகவே, மருந்து கொடுத்து ஒரு மாதத்தில் மறுபடி துணுக்குகள் தென்பட்டால், மருந்து பொய்த்துவிட்டது என்று எண்ணுவதற்கு முன் தெள்ளைத் தேடுங்கள். நுண்ணிய சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். தெள்ளின் முட்டைகள் ரோமத்திலிருந்து தரையிலும் படுக்கையிலும் விழுவதாலும், கூட்டுக்குள் இருக்கும் பருவத்தைப் பூச்சிக்கொல்லிகள் எளிதில் எட்டாததாலும், ஒரு முறை மருந்திட்டு நிறுத்தினால் பயன் இல்லை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடர வேண்டும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து, தரைவிரிப்புகளைத் தூசி உறிஞ்சியால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். பூனைக்கென்று தயாரிக்கப்பட்ட மருந்தையே பயன்படுத்துங்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைகளுக்கு வலிப்பையும் மரணத்தையும் ஏற்படுத்தும். பூண்டு கொடுத்தால் புழு சாகும் என்று யாராவது சொன்னால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். பூண்டு பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, எச்சரிக்கை தேவை, அச்சம் தேவையில்லை. இந்த நாடாப்புழு தொற்ற வேண்டுமானால் அவன் தெள்ளையே விழுங்க வேண்டும். சிறு குழந்தைகளில் அரிதாக நேர்வதுண்டு. உருண்டைப் புழுதான் கூடுதல் கவனத்துக்குரியது. அதன் இளம்புழுக்கள் மனித உடலில் அலைந்து கல்லீரலையோ நுரையீரலையோ கண்ணையோ தாக்கலாம். ஆனால் புதிதாக வெளியேறிய முட்டை உடனே தொற்றாது. தொற்றும் நிலையை அடையச் சில வாரங்கள் ஆகும். குட்டி மலம் கழிக்கும் மணல் தட்டை நாள்தோறும், பெரியவர்கள் சுத்தம் செய்தாலே ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். கட்டிப்பிடிப்பதைவிட, பூனைகள் மலம் கழிக்கும் திறந்தவெளி மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் உண்பதே பெரிய வழி. தெள்ளு ஒழியும்வரை ஒரே படுக்கையில் தூங்குவதை மட்டும் நிறுத்திவையுங்கள். மகனுக்கு மருந்து தேவையா என்பதைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குட்டி தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தாலோ, ஈறுகள் வெளிறியிருந்தாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வெளிறிய ஈறு கொக்கிப்புழு உறிஞ்சிய இரத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். திரளாக அடைத்துக்கொண்ட உருண்டைப் புழுக்கள் குடலையே மறித்துவிடலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், இந்த வாரம் முதல் முறை, இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழித்து இரண்டாம் முறை, பின்னர் ஆறு மாத வயது வரை மாதம் ஒரு முறை எனத் தொடருங்கள். அதன் பிறகு வெளியே சென்று வேட்டையாடும் பூனையானால் ஆண்டுக்கு நான்கு முறையாவது கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள்ளேயே வாழ்வதானால் எத்தனை முறை என்பதை மலப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.