பையை யார் அடுக்குவது?

கேள்வி: ஜனவரி இரண்டாம் வாரத்தில் நான், மனைவி, 14 வயது மகன் மூவரும் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தாவுக்கு மலையேறப் போகிறோம். ஒரு குழுவில் பணம் கட்டியாகிவிட்டது. டென்ட், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் பைகளை நாங்கள்தான் சுமக்க வேண்டும். எனக்கு 60 லிட்டர் பையும், மற்ற இருவருக்கும் 50 லிட்டர் பைகளும் வாங்கிவிட்டேன். ஷூ இன்னும் வாங்கவில்லை. மூவருமே பனியை நேரில் பார்த்ததில்லை. எதையாவது மறந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. முழு லிஸ்ட் ஒன்று கொடுங்கள். அடுக்குவதெல்லாம் மனைவி பார்த்துக்கொள்வாள். எனக்கும் மகனுக்கும் சேர்த்து அவள்தான் எப்போதும் அடுக்குவாள்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: லிஸ்ட் தருகிறேன். ஆனால் அதைக் கொண்டுபோய் உங்கள் மனைவி கையில் கொடுத்துவிடாதீர்கள். எதை மறப்பீர்களோ என்று பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் கொடுத்தது உங்கள் கடைசி வரிதான்.

உச்சிக்கு ஏறும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று விடிவதற்கு வெகுநேரம் முன்பே, மூன்று, நான்கு மணி வாக்கில் முகாமிலிருந்து கிளம்புவார்கள். ஜனவரியில் அந்த நேரத்தில் குளிர் மைனஸ் 10 டிகிரியைத் தொடும். மூன்று பேர் படுத்த டென்ட்டில் நிமிர்ந்து உட்காரவும் இடம் இருக்காது. அந்த இருட்டில் "என் கிளவுஸ் எங்கே வெச்சே?" என்று கேட்பீர்கள். அவர் தன் ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து வெளியே வந்து, உங்கள் பையைத் திறந்து, அடிவரை துழாவி எடுத்துத் தருவார். அடுத்து மகன் குல்லாவைக் கேட்பான். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரலால் ஷூ லேஸை இறுக்கிக் கட்ட முடியாது. காலை டீயும் கஞ்சியும் ஆறிப்போகும். கிளம்பும் விசில் ஊதும்போது நீங்கள் இருவரும் தயாராக நிற்பீர்கள். அந்தப் பயணத்தின் மிகக் கடினமான ஏற்றத்தை அவர் வெறும் வயிற்றோடு தொடங்குவார். பிறகு "என் மனைவியால் முடியவில்லை, பாதியில் திரும்பிவிட்டோம்" என்று இன்னொரு கடிதம் வரும். இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் படித்தாகிவிட்டது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் ஏறத்தாழ 6,400 அடி. உச்சி 12,500 அடி. உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியும் வாந்தியுமாகப் படுப்பது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும். உடல் பலத்தைப் பார்த்து வராது. படுப்பது உங்கள் மனைவியாக இருந்தால்? மாத்திரை எந்தப் பையில், எந்த உறையில் என்று உங்களுக்குத் தெரியுமா? மூன்று பைகளின் விவரமும் ஒரே தலைக்குள் இருந்து, அந்தத் தலைக்கே வலி வந்தால் என்ன செய்வீர்கள்?

வீட்டில் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை முழுவதையும் ஒருத்தர் மேல் போட்டுவிட்டு, அதைப் பாசம் என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. கல்யாணமான ஆண் தன் துணியைத் தானே எடுத்துவைப்பது குடும்பக் கடமை. 14 வயதுப் பையன் தன் சாக்ஸ் இருக்கும் இடத்தை அம்மாவிடம் கேட்கிறான் என்றால் அவனைத் திட்டிப் பயனில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். இந்த விடுமுறையில் மலையைக் காட்டுவதற்கு முன் அவனுக்கு இதைக் காட்டுங்கள். மூன்று பைகளையும் கூடத்தில் வையுங்கள். அவரவர் பையை அவரவர் அடுக்க வேண்டும். உங்கள் மனைவி தன் பையை மட்டும் தொடட்டும்.

இனி, நீங்கள் அடுக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் எடை. பெரியவர்களுக்கு உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்குள் பை நிற்பது நல்லது. 70 கிலோ உள்ளவர் தண்ணீரையும் சேர்த்து 11 கிலோவைத் தாண்ட வேண்டாம். மகன் 45 கிலோ என்றால் 5, 6 கிலோ போதும். குளியலறைத் தராசில் பையோடு ஏறி நின்று, பிறகு பை இல்லாமல் நின்று கழித்துப் பாருங்கள். மருந்து, பவர் பேங்க், சன்ஸ்கிரீன், தின்பண்டம் போன்ற பொதுச் சாமான்களை 60 லிட்டர் பைக்காரர் சுமக்க வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்பது மூன்று பேருக்கும் தெரிய வேண்டும்.

பைக்குள் முதலில் ஒரு பெரிய, தடித்த பிளாஸ்டிக் உறையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். வெளியே மாட்டும் மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது. ஈரம் அந்த வழியாகத்தான் இறங்கும். பனியில் பையைக் கீழே வைத்தாலும் அடி நனையும். எல்லாவற்றுக்கும் அடியில், ராத்திரி மட்டும் உடுத்தும் துணி. நடுவில், முதுகை ஒட்டினாற்போல் கனமானவை: தின்பண்டம், மருந்துப் பெட்டி, சோப்பு பிரஷ் வகையறா. கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள். ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கும், பனிச்சரிவில் நிதானம் தப்பும். மேலே மழைக்கோட்டும், பஞ்சு அடைத்த பஃபர் ஜாக்கெட்டும். நடையை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் வியர்வை குளிராக மாறிவிடும், அப்போது ஜாக்கெட் உடனே கைக்கு வர வேண்டும். தலைப்பக்க ஜிப்பில் நெற்றியில் மாட்டும் ஹெட்லாம்ப், கிளவுஸ், கறுப்புக் கண்ணாடி. இடுப்புப் பட்டைப் பையில் வேர்க்கடலை, லிப் பாம். மூன்று பைகளிலும் இதே வரிசை இருந்தால், யாருக்கு முடியாமல் போனாலும் அவர் பையை அடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு திறக்கலாம்.

பையை மாட்டுவதற்கும் முறை உண்டு. எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை முதலில் போடுங்கள். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். பிறகு தோள்பட்டை, கடைசியாக நெஞ்சுப் பட்டை. சுமையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்கினால்தான் சரியாக மாட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். மகனுக்கு வாங்கிய 50 லிட்டர் பையில் முதுகு நீளத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் பட்டை அவன் தொடையில் வந்து நிற்கும், கடையில் மாற்றிவிடுங்கள்.

துணிக்கு வருவோம். காட்டன் பனியன், ஜீன்ஸ் இரண்டையும் வீட்டிலேயே விடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே விளையாட்டுக்கான பாலியெஸ்டர் டி-ஷர்ட் மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கு முழுக்கை டி-ஷர்ட் மூன்று, சீக்கிரம் காயும் பேன்ட் இரண்டு, தெர்மல் (உடம்பை ஒட்டிப் போடும் குளிர் உள்ளாடை) ஒரு ஜோடி, ஃப்ளீஸ் (மெத்தென்ற கதகதப்பான மேல்சட்டை) ஒன்று, பஃபர் ஜாக்கெட் ஒன்று, காற்றும் மழையும் புகாத மேல்கோட்டு ஒன்று. இவற்றை அடுக்கடுக்காகப் போடுவதும் கழற்றுவதும்தான் அங்கே வேலை. தெர்மலைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வியர்த்து நனைந்த தெர்மல் ராத்திரிக்கு உதவாது. உச்சி நாள் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. கிளவுஸ் இரண்டு அடுக்கு: உள்ளே மெல்லிய ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாதது. காதை மூடும் குல்லா. ஏழு நாளைக்கு ஏழு செட் என்று எண்ணும் பழக்கம் இங்கே வேண்டாம், யாரும் அங்கே தினம் உடை மாற்றுவதில்லை.

கறுப்புக் கண்ணாடி அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஒரு பகல் வெறுங்கண்ணோடு நடந்தால், சாயங்காலம் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தி நீர் கொட்டும். யூவி 400 என்று குறித்திருக்கும் கண்ணாடி ஆளுக்கொன்று. சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்கின் அடிப்பக்கத்திலும் தடவுங்கள், வெயில் கீழிருந்தும் வரும்.

சாக்ஸ் நடக்க மூன்று ஜோடி, தூங்க ஒரு கம்பளி ஜோடி. தூங்கும் ஜோடியைப் போட்டுக்கொண்டு டென்ட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. ஒரு முறை நனைந்தால் அது அந்தப் பயணம் முடியும்வரை காயாது. கெய்ட்டரும் (ஷூவுக்குள் பனி போகாமல் முழங்காலுக்குக் கீழே மாட்டும் உறை) மைக்ரோஸ்பைக்கும் (பனியில் வழுக்காமல் ஷூ அடியில் மாட்டும் முள்) குழுவினர் தருவார்களா என்று இப்போதே கேளுங்கள். தராவிட்டால் சாங்க்ரியில் வாடகைக்கு எடுக்கலாம்.

தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. குழாய் வைத்து உறிஞ்சும் பை வேண்டாம், குழாய் முதலில் உறைந்துவிடும். ராத்திரி பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் கட்டும். அப்படி வைத்தால் காலையில் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். தேங்காயெண்ணெய் அங்கே கல்லாகிவிடும், பதிலாகச் சின்ன வாசலின் டப்பா. முறுக்கு, தட்டை இரண்டும் பைக்குள் நொறுங்கி மாவாகும். பேரீச்சை, வறுத்த வேர்க்கடலை, சின்னத் துண்டாக உடைத்த கடலைமிட்டாய் போதும்.

ஹெட்லாம்ப் ஆளுக்கொன்று, கட்டாயம். செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஒரு கையில் கோல், மறுகையில் போன் என்றால் விழும்போது ஊன்றக் கை இருக்காது. குளிரில் பேட்டரி சார்ஜ் சீக்கிரம் இறங்கும். போன், பவர் பேங்க், மாற்று பேட்டரி மூன்றையும் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுங்கள். விமானத்தில் பவர் பேங்க்கை லக்கேஜில் போடக் கூடாது, கையோடு கொண்டுபோக வேண்டும். 20,000 எம்ஏஎச் உள்ளது அனுமதிக்கப்பட்ட 100 வாட்-மணி வரம்புக்குள்தான் வரும். நடைக்கோலும் கத்தரிக்கோலும் லக்கேஜில்.

மருந்தில் பாராசிட்டமால், ஓஆர்எஸ், வயிற்றுப்போக்கு மாத்திரை, கொப்புளத்துக்கு ஒட்டும் டேப், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாள் கூடுதலாக. உயரம் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மகனுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. தலைவலியை மறைத்துக்கொண்டு யாரும் மேலே ஏற வேண்டாம், குழுத்தலைவரிடம் உடனே சொல்லுங்கள். குறையவில்லை என்றால் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. தேதி பக்கத்தில் இல்லாவிட்டாலும் நாப்கின் எடுத்துவையுங்கள் அம்மா. அலைச்சலிலும் குளிரிலும் தேதி முன்பின் ஆகும். பயன்படுத்தியதைப் பேப்பரில் சுற்றி ஜிப்லாக் உறையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், பனியில் புதைக்காதீர்கள். அந்தப் பாதை கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் போகிறது. கடலைமிட்டாய் உறைக்கும் இதே விதிதான், அதை உங்கள் வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டும்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி ஏறத்தாழ 200 கிலோமீட்டர், முழுப்பகலும் வண்டியில் போகும். ரொக்கத்தை வழியில் புரோலாவிலேயே எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையின் நகல் இரண்டு, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் குழுத்தலைவரின் எண்ணும் திரும்பும் தேதியும் எழுதிய காகிதம் ஒன்று. மேலே போன் எடுக்காது என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுக்கிய பின் சென்னிமலைக்குப் போய், மூவரும் அவரவர் பையோடு 1,320 படிகளையும் ஏறி இறங்குங்கள். எது குத்துகிறது, எது தேவையில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கு ஆள் தன் ஹெட்லாம்ப், கிளவுஸ், மழைக்கோட்டு மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துப் பாருங்கள். முடியாதவர் முழுவதையும் கொட்டித் திரும்ப அடுக்க வேண்டும். அதில் நீங்களும் அடக்கம்.

ஷூவை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், மலைக்குப் போடப்போகும் தடித்த சாக்ஸோடு மூவரும் கடைக்குப் போங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறங்கும்போது பெருவிரல் நகம் கறுத்துவிடும். கணுக்காலை மூடும் உயரம், ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடி, தண்ணீர் புகாத மேல்பாகம் மூன்றும் வேண்டும். வாங்கிய நாளிலிருந்து தினம் ஒரு மணி நேரம் போட்டு நடங்கள். சென்னிமலைக்கும் அதே ஷூதான். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு கால் நகங்களை வெட்டிவிடுங்கள்.