பில், டி.சி., டிராயிங்: கணினிக்கு ஏத்தறதுக்கு முன்னாடி

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி: ஆவணங்களுக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்ங்ண்ணா?

அது கடைசி வேலைங்க. மொதல்ல ஒரு வாரம், யார் எந்தத் தாளை எதைச் சொல்லித் தேடறாங்கன்னு நோட்டுல குறிங்க. ஆர்டரைக் கவனிக்கற மெர்ச்சண்டைசர் ஸ்டைல் நம்பர் (ஆடை மாடலோட நம்பர்) கேப்பார், ஸ்டோர்ல டி.சி. (சரக்கோட போற டெலிவரி சலான்) நம்பர், சாயம் போடற டையிங்ல லாட் நம்பர் (ஒரே தடவைல சாயம் போட்ட துணியோட நம்பர்), அக்கவுண்ட்ஸ்ல பார்ட்டி பேரும் பில் நம்பரும். இதோட தேதியும் தாளின் வகையும் சேர்ந்தா, ஒவ்வொரு தாளுக்கும் கணினில நிரப்பற கட்டம் அவ்வளவு போதும். பதினஞ்சு கட்டம் வெச்சா நிரப்பற பையன் எல்லாத்துலயும் புள்ளி வெச்சுட்டுப் போயிருவான்.

சிக்கல் வர்ற இடம் டையிங். திரும்பி வர்ற டி.சி.ல லாட் நம்பர் மட்டும் இருக்கும், ஸ்டைல் இருக்காது. அங்கயே ரெண்டுக்கும் தொடர்பு அறுந்துரும். துணி போகும்போதே உங்க டி.சி.ல ரெண்டையும் அச்சடிச்சு அனுப்புங்க. போன டி.சி.யையும் வந்த டி.சி.யையும் கட்டாயம் இணைங்க. ஜாப் ஒர்க்குக்கு (இந்த மாதிரி வெளிய கொடுத்துச் செய்யற வேலைக்கு) போன சரக்கு 1 வருஷத்துக்குள்ள திரும்பலைன்னா, அனுப்பின நாள்லயே வித்ததா ஜி.எஸ்.டி.ல கணக்காயிரும். 10வது மாசமே நினைவூட்டல் வர்ற மாதிரி வைங்க.

கோவை, பம்ப் உதிரிபாகம்: டிராயிங்கைத் திருத்தி ரிவிஷன் மாறின பிறகும் பழைய டிராயிங்ல மிஷினை ஓட்டிடறாங்களே?

'ஃபைனல்', 'ஃபைனல் 2'ன்னு பேர் வெச்சா அப்படித்தானுங்க ஆகும். டிராயிங் நம்பர் மாறக்கூடாது, ரிவிஷன் எழுத்து தனிக் கட்டத்துல. மிஷின் ஷாப் கணினில ஒப்புதல் ஆன ஒண்ணு மட்டும் தெரியணும். எத்தனை பிரிண்ட் கொடுத்தீங்களோ, அத்தனையும் எண்ணி வாங்கின பிறகு புதுசு கொடுங்க. காஸ்டிங் (வார்ப்பு) ஊத்தறதுக்கான அச்சு மாதிரி, அதாவது பேட்டர்ன் மேலயும் ரிவிஷனைப் பொறிங்க; தாளை மட்டும் மாத்தினா காஸ்டிங் மாறிருமா?

ஈரோடு, மஞ்சள் மண்டி: எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்?

ஜி.எஸ்.டி.க்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதில இருந்து 72 மாசம். 2023-24 கணக்குக்குக் கெடு 31-12-2024, அதனால 31-12-2030 வரைக்கும். அப்பீல் நடந்தா இன்னும் நீளலாம். கம்பெனியாப் பதிவு செஞ்சிருந்தா 8 நிதியாண்டு. எடைமேடைச் சீட்டு தெர்மல் தாள்னா அன்னிக்கே ஸ்கேன் பண்ணிருங்க, எழுத்து மங்கிரும். கிரயப் பத்திரம், முத்திரைத் தாள் ஒப்பந்தம் ஸ்கேன் ஆனாலும் அசலைத் தூக்கிப் போடாதீங்க.

கரூர், ஜவுளி: பழைய மூட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணணுமா? எவ்வளவு இடம் வேணும்?

வேண்டாம். ஏப்ரல் 1ல இருந்து வர்றதை ஏத்துங்க. பழசுல கேக்கறதை மட்டும் எடுங்க. 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), கருப்பு வெள்ளைல ஒரு ஏ4 பக்கம் சுமார் 100 கேபின்னு வெச்சா, 1 லட்சம் பக்கத்துக்கு 10 ஜிபிதான். கலர்னா பல மடங்கு ஏறும். மங்கலான கார்பன் காப்பியை மட்டும் கிரேஸ்கேல்ல (சாம்பல் நிற அளவுகளோட) போடுங்க, கருப்பு வெள்ளைல எழுத்தே விழாது. கையெழுத்துத் தமிழை ஓ.சி.ஆர். (ஸ்கேன்ல இருக்கற எழுத்தைப் படிக்கற மென்பொருள்) படிச்சுக்கும்னு நம்பாதீங்க, நம்பரைக் கையால அடிக்கறதுதான் வழி.

பல்லடம், விசைத்தறி: சர்வர்ல ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் பதியற மாதிரி ரெண்டு டிஸ்க் இருக்குது. பேக்கப் தேவையா?

தேவைங்க. ஒண்ணுல அழிச்சா இன்னொண்ணுலயும் அழியும். வைரஸ் ஃபைலைப் பூட்டினாலும் ரெண்டும் சேர்ந்தே போகும். மூணு நகல், ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வெளியூர்ல. வெளி டிஸ்க்கை நகல் எடுத்ததும் கழட்டிருங்க. மாசம் ஒருக்கா பத்து ஃபைலை அதுல இருந்து திறந்து பாருங்க.